செவிக்கு எட்டாததைக் கண்ணுக்குக் காட்டுவோம்

வல்ல அல்லாஹ் மனித குலத்திற்கு வழங்கியுள்ள அருட்கொடைகளுள் செவிப்புலன் தலையாய ஒன்றாகும். திருமறை குர்ஆனில் செவியும் பார்வையும் சேர்த்துக் கூறப்படும் இடங்கள் பலவற்றில் செவியே முதலில் இடம்பெற்றிருப்பதை ஓதுவோர் அறிவர். குழந்தை இவ்வுலகில் கண் விழித்ததும் அதன் காதில் நாம் சேர்ப்பது பாங்கின் ஓசையேயாகும். அன்று தொடங்கி ஓதலும் துஆவும் உபதேசமும் செவிவழியாகவே நம் நெஞ்சில் இறங்குகின்றன.

இத்தகைய செவி சிலருக்குப் பிறவியிலேயே திறவாமல் இருக்கிறது. சிலருக்கு நோயால் அடைபடுகிறது. மிகப் பலருக்கு முதுமையில் மெல்ல மெல்லத் தளர்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கேள்விக் குறைவுக்காக மருத்துவமும் மறுவாழ்வு உதவியும் தேவைப்படுவோர் உலகில் 43 கோடிப் பேர். 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் இக்குறை இருக்கிறது. நம் தமிழகத்தில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செவித்திறன் குறைந்தோராகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 20 ஆயிரம் பேர். வயது முதிர்ச்சியால் கேள்வி மங்கியவர்களில் பலர் தம்மை மாற்றுத்திறனாளி என்று எண்ணுவதே இல்லை. ஆகவே அவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இவர்களுக்கு உதவக்கூடிய வசதிகள் பல, நம் வீட்டு மேசைமேல் இருக்கும் கணிப்பொறியிலும் நம் கையிலிருக்கும் கைப்பேசியிலும் முன்கூட்டியே அமைந்திருக்கின்றன. தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. திறந்துவிட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே. அந்த ஆள் யார் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

‘அப்புறம் சொல்றேன்’

நந்தனத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மஃரிபுத் தொழுகைக்குப் பின் கூடத்தில் எல்லோரும் அமர்ந்திருக்கின்றனர். அரபுநாட்டில் பணிபுரியும் மகன் கணிப்பொறித் திரையில் தோன்றிப் பேசுகிறார். ஏதோ ஒரு வேடிக்கை சொல்ல, அனைவரும் சிரிக்கின்றனர். மூலையில் அமர்ந்திருக்கும் பெரியவரும் மற்றவர்களைப் பார்த்துத் தாமும் சிரிக்கிறார். பிறகு பக்கத்திலிருக்கும் பேரனிடம், “தம்பி, வாப்பா என்ன சொன்னார்?” என்று கேட்கிறார். “ஒண்ணுமில்லை நன்னா, அப்புறம் சொல்றேன்” என்கிறான் பேரன்.

அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. பேரனிடத்தில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. சொன்னதையே திரும்பச் சொல்வதில் உள்ள அலுப்புத்தான் காரணம். ஆனால் பெரியவர் பத்து முறை இவ்விதம் கேட்டு, பத்து முறையும் இதே பதிலைப் பெற்றபின், பதினோராம் முறை கேட்பதில்லை. பிறகு கூடத்திற்கு வருவதையும் குறைத்துக்கொள்கிறார். திருமண வீடுகளுக்குச் செல்லத் தயங்குகிறார். ‘வயதாகிவிட்டது, தனிமையை விரும்புகிறார்’ என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர். அவர் தனிமையை விரும்பவில்லை. வீடு அவரை அறியாமலேயே வெளியே நிறுத்திவிட்டது.

இதனை வெறும் மனவருத்தம் என்று ஒதுக்கிவிட முடியாது. மறதிநோய் பற்றி ஆராய்ந்து ‘லான்செட்’ மருத்துவ இதழ்க் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், தவிர்க்க முயலக்கூடிய 14 காரணங்களுள் ஒன்றாகக் கேள்விக் குறைவும் இடம்பெற்றுள்ளது. பேச்சற்றுப் போகும் முதுமை உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே தாக்குகிறது.

உரக்கப் பேசினால் போதாதா?

காது கேளாதவரிடம் உரத்த குரலில் பேசுவது நம் வழக்கம். கணிப்பொறியிலும் தொலைக்காட்சியிலும் ஒலியை உச்சத்திற்கு ஏற்றிவிடுகிறோம். “சத்தம் கேட்கிறது, பேச்சுத்தான் விளங்கவில்லை” என்று பெரியவர்கள் சொல்வதை நாம் சரியாகப் புரிந்துகொள்வதில்லை.

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் இருக்கின்றன. ஒலியலைகளை நரம்பின் மொழியாக மாற்றி மூளைக்கு அனுப்புபவை இவையே. அழிந்துபோன உயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. முதுமையிலும் பேரிரைச்சலிலும் முதலில் பழுதுபடுபவை கீச்சொலிகளை வாங்கும் உயிரணுக்களாகும். மனிதப் பேச்சில் உயிரெழுத்தின் ஓசை கனமானது, மெய்யெழுத்தின் ஓசை மெல்லியது, கீச்சானது. எனவே ‘பத்து’ என்றாலும் ‘பட்டு’ என்றாலும் ‘பற்று’ என்றாலும் அவர் காதில் விழுவது ஏறக்குறைய ஒன்றே. நாம் கத்தும்போது உயிரோசைதான் பெருகுகிறது. சொல்லைப் பிரித்துக்காட்டும் மெய்யோசை தெளிவதில்லை. கத்துவதால் நம் முகம் கோணுகிறது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் அவரால் இயலாமற் போகிறது.

ஆகவே, ஒலியைப் பெருக்குவது பாதி உதவியே. ஒலியைக் கண்ணுக்குத் தெரியும் பொருளாக, ஒளியாகவோ எழுத்தாகவோ அதிர்வாகவோ மாற்றித் தருவது மீதி உதவியாகும். கணிப்பொறி செய்யவல்லது இதுவே.

தொலைபேசி மூடிய கதவு

அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய தாயாரும் மனைவியும் செவித்திறன் குறைந்தவர்கள். அவரே செவித்திறனற்ற பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். அவர் தந்த கருவியோ உலகத்தாரையெல்லாம் இணைத்துவிட்டு, செவித்திறனற்றவர்களை மட்டும் வெளியே விட்டுவிட்டது. அலுவலகம், வணிகம், மருத்துவமனை யாவும் தொலைபேசி வழியே நடக்கத் தொடங்கியபின் அவர்களுடைய நிலை முன்னைக்காட்டிலும் கடினமாயிற்று.

இக்கதவைத் திறந்தவரும் செவித்திறனற்ற ஒருவரே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த இராபர்ட் வைட்பிரெக்ட் எனும் இயற்பியலாளர் 1964இல் ஓர் இணைப்புக் கருவியை உருவாக்கினார். அதன் துணையால் பழைய தட்டச்சுத் தந்தி இயந்திரங்கள் தொலைபேசிக் கம்பி வழியே எழுத்தை அனுப்பின. மறுமுனையில் தாளில் எழுத்து விழுந்தது. பிற்காலத்தில் இணையத்தின் அடிப்படை விதிகளை 1974இல் இராபர்ட் கானுடன் இணைந்து வகுத்த விண்டன் செர்ஃபும் இளமை முதல் காதுக்கருவி அணிந்தவர். மின்னஞ்சல் அவருக்குப் பெரிதும் துணைபுரிந்தது. இன்று நாம் அன்றாடம் அனுப்பும் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் காது கேட்போருக்கு ஒரு வசதி. கேளாதவருக்கோ அது விடுதலை.

தனிக் கணிப்பொறி வீட்டுக்குள் வந்தபோது மற்றொரு சிக்கல் எழுந்தது. தவறான விசையைத் தட்டினாலும், அஞ்சல் வந்தாலும் இயந்திரம் ‘கிணிங்’ என்று ஒலி எழுப்பும். கேளாதவருக்கு என்ன நேர்ந்ததென்று தெரியாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ‘டிரேஸ்’ ஆய்வு மையம் இதற்குத் தீர்வு காண முனைந்து, மாற்றுத்திறனாளிகளுக்கான சிறு மென்பொருள்களை உருவாக்கியது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 முறைமையிலேயே ‘சவுண்ட்சென்ட்ரி’ என்னும் வசதி சேர்க்கப்பட்டது. ஒலி எழும்போதெல்லாம் திரை மின்னும். நம்மில் எத்தனை பேர் அன்று அதனைத் திறந்து பார்த்தோம்? 30 ஆண்டுகளாக நம் வீட்டுப் பெட்டியினுள்ளேயே இருந்து வரும் வசதி அது.

கணிப்பொறியில் செய்ய வேண்டியவை

இன்றைய விண்டோஸ் 11 முறைமையில் ‘செட்டிங்ஸ்’ பகுதியைத் திறந்து ‘ஆக்சஸிபிலிட்டி’ என்பதைத் தெரிவு செய்தால், அங்கே ‘ஹியரிங்’ என்னும் தலைப்பு இருக்கும். அதன்கீழ் உள்ளவற்றுள் இன்றியமையாதவை நான்கு.

முதலாவது, திரை மின்னும் வசதி. அறிவிப்பு ஒலி எழும்போது சாளரத்தின் தலைப்புப்பட்டை மட்டும் மின்னலாம், சாளரம் முழுவதும் மின்னலாம், அல்லது திரை முழுவதுமே மின்னலாம். அறையின் மறுகோடியில் இருப்பவருக்கு மூன்றாவதே ஏற்றது.

இரண்டாவது, ‘மோனோ ஆடியோ’. இக்கால ஒலிப்பதிவுகளில் இடக்காதுக்கு ஒரு பகுதியும் வலக்காதுக்கு மற்றொரு பகுதியும் பிரிந்து வரும். ஒரு காது மட்டும் கேட்பவருக்குப் பாதி ஒலி வீணாகிறது. இந்த வசதியைத் திறந்தால் இரு பகுதிகளும் ஒன்றாகக் கலந்து இரு பக்கமும் வரும். இருபக்க ஒலியளவைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கவும் இயலும்.

மூன்றாவது, ‘லைவ் கேப்ஷன்ஸ்’ எனப்படும் உடனடி எழுத்துரை. 2022இல் வந்த மேம்பாட்டுடன் இது சேர்ந்தது. விசைப்பலகையில் விண்டோஸ் விசை, கன்ட்ரோல் விசை, ‘எல்’ எழுத்து விசை ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தினால், கணிப்பொறியில் ஒலிக்கும் பேச்சு திரையில் எழுத்தாக ஓடும். ஒலிவாங்கியையும் இதனுடன் சேர்த்தால், எதிரே அமர்ந்து பேசுவோரின் சொற்களும் எழுத்தாகும். பேச்சு வெளியே எங்கும் அனுப்பப்படாமல் கணிப்பொறிக்குள்ளேயே எழுத்தாக மாறுவது இதன் சிறப்பு. முதலில் ஆங்கிலத்திற்கு மட்டுமே வந்தது. பின்னர் வேறு சில மொழிகளும் சேர்ந்தன. ஆங்கிலத்தில் பாடம் கேட்கும் கல்லூரி மாணவருக்கு இது பெரும் துணை.

நான்காவது, எழுத்துரையின் தோற்றம். ‘கேப்ஷன்ஸ்’ பகுதியில் எழுத்தின் அளவு, நிறம், பின்புலம் ஆகியவற்றை மாற்றிக்கொள்ளலாம். செவி தளர்ந்தவருக்குப் பெரும்பாலும் கண்ணும் தளர்ந்திருக்கும். கருப்புப் பின்புலத்தில் பெரிய மஞ்சள் எழுத்து பலருக்கு இதமாக இருக்கும்.

இவற்றோடு மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். திரையின் ஓரத்தில் தோன்றும் அறிவிப்பு சில நொடிகளில் மறைந்துவிடும். ஒலி கேட்டுத் திரும்பிப் பார்ப்பவருக்கு அந்நேரம் போதும், கேளாதவருக்குப் போதாது. ‘விஷுவல் எஃபெக்ட்ஸ்’ என்னும் பகுதியில் இந்நேரத்தை 5 நிமிடம் வரை நீட்டிக்கலாம். ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணிப்பொறியிலும் ‘ஆக்சஸிபிலிட்டி’ பகுதியில் ‘ஆடியோ’ என்பதன்கீழ், திரை மின்னும் வசதியும் இருபக்க ஒலியை ஒன்றாக்கும் வசதியும் உள்ளன.

கைப்பேசியில் தமிழ் எழுத்து

கணிப்பொறி இல்லாத வீடுகளிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. அதுவும் ஒரு சிறு கணிப்பொறியே.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்காக கூகுள் நிறுவனம் 2019இல் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ என்னும் செயலியை வெளியிட்டது. செவித்திறனற்றோருக்கான புகழ்பெற்ற காலடெட் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு உருவான இச்செயலியில் தமிழும் உண்டு. கைப்பேசியைப் பேசுபவர் அருகே வைத்தால், அவர் தமிழில் பேசுவது பெரிய எழுத்துகளில் ஓடும். ‘நன்னா’ கேட்ட கேள்விக்கு ‘அப்புறம்’ என்று சொல்லாமல் அப்போதே விடை தர இதுவே எளிய வழி. இச்செயலி இல்லாவிடினும் கவலையில்லை. 2017 முதல் கூகுள் விசைப்பலகையில் தமிழில் பேசி எழுதும் வசதி இருக்கிறது. ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசினால் எழுத்தாகிவிடும். அதனை அவரிடம் காட்டலாம்.

2020இல் வந்த ஒலி அறிவிப்பு வசதி, வாயிற்கதவு மணி, குழந்தையின் அழுகை, புகை எச்சரிக்கை ஒலி, தண்ணீர் ஓடும் ஓசை முதலியவற்றை அறிந்து அதிர்வாலும் ஒளியாலும் தெரிவிக்கிறது. அதே ஆண்டில் ஐஃபோனிலும் இவ்வசதி வந்தது. செவித்திறனற்ற இளந்தாய் அடுக்களையில் இருக்க, தொட்டிலில் குழந்தை அழுதால் அவள் கைக்கடிகாரம் அதிர்ந்து சொல்லும். அழைப்பு வரும்போது கைப்பேசியின் விளக்கு மின்னுமாறு செய்யும் வசதி ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டு 14 முதலான முறைமைகளிலும் உண்டு.

நம் வாழ்க்கைக்கென ஒரு பயனும் உண்டு. தொழுகை நேரம் காட்டும் செயலிகளில் பாங்கோசைக்குப் பதிலாக அதிர்வைத் தெரிவு செய்துகொள்ளலாம். ரமளான் மாதத்தில் ஸஹர் நேரத்தில் வீட்டார் உலுப்பி எழுப்புவார்கள் என்று காத்திராமல், கைக்கடிகாரத்தின் அதிர்வால் தாமே எழலாம். தனியே வாழும் முதியவருக்கு இது எத்தகைய தன்னம்பிக்கை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எச்சரிக்கைகள் சில

இயந்திரத்தை முழுமையாக நம்பிவிடலாகாது. ஒருவர் பேச, மற்றொருவர் குறுக்கிட, மின்விசிறியும் இரைந்தால் எழுத்து குழம்பும். பேசுபவர் தொலைவில் இருந்தாலும் அவ்வாறே. நம் இல்லங்களில் புழங்கும் அரபுச் சொற்களையும் பெயர்களையும் இயந்திரம் தாறுமாறாக எழுதக்கூடும். எனவே மருந்தின் அளவு, பணக் கணக்கு, பத்திரம் போன்றவற்றைக் கையால் எழுதிக் காட்டுவதே பாதுகாப்பு. திருமறை வசனங்களை இயந்திரம் எழுதியபடி ஒருபோதும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அச்சிட்ட குர்ஆனையும் ஆலிம்கள் தந்த தர்ஜமாவையும் பார்ப்பதே முறையாகும்.

மற்றொன்று அமானிதம் பற்றியது. பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் பலவற்றில், ஒலி இணையத்தின் வழியே அந்நிறுவனத்தின் கணிப்பொறிக்குச் சென்று எழுத்தாகித் திரும்புகிறது. சில செயலிகள் அவ்வெழுத்தைச் சேமித்தும் வைக்கும். குடும்ப ரகசியமும் பிறர் நம்பிச் சொன்ன செய்தியும் அமானிதமாகும். ஆகவே எதிரே இருப்பவரிடம், “உங்கள் பேச்சை எழுத்தாக்கிப் பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டுத் திறப்பதும், பேச்சு முடிந்தபின் சேமிப்பை அழித்துவிடுவதும் நல்லது.

இவ்வசதிகள் எவையும் மருத்துவத்திற்கு மாற்றல்ல. காதில் அழுக்கு அடைத்திருப்பதுகூடக் காரணமாக இருக்கலாம். அரசு மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கேள்விச் சோதனை செய்துகொள்ளலாம். ஓரிரு நாளில் திடீரென ஒரு காது கேளாமற் போனால், அது அவசர நிலை. நாள் கடத்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பள்ளிவாசலில்

கண்பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு ‘அபஸ’ எனும் 80ஆவது அத்தியாயம் அருளப்பட்ட வரலாற்றை நாம் அறிவோம். குறைஷித் தலைவர்களைக் காட்டிலும், அறிவு தேடி வந்த அந்தத் தோழரின் பக்கம் கவனம் திரும்ப வேண்டும் என்று அல்லாஹ் உணர்த்தினான். பின்னாளில் அவரே பிலால் (ரலி) அவர்களுடன் மதீனாவில் பாங்கு சொல்பவராக விளங்கினார். உடற்குறை ஒருவரை ஜமாஅத்திலிருந்து விலக்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சைகையையும் நம் முன்னோர் இழிவாகக் கருதவில்லை. துருக்கியின் உதுமானிய அரண்மனையில் பேச்சற்றவர்கள் பணிபுரிந்தனர்; அவர்களுடைய சைகைமொழியைச் சுல்தான்களும் கற்றிருந்தனர். 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் உதுமானியச் சட்டத்தொகுப்பின் 70ஆவது பிரிவு, பேச இயலாதவரின் அறியப்பட்ட சைகை நாவால் உரைத்ததற்கு ஒப்பாகும் என்று விதித்தது. இன்று மக்கா புனிதப் பள்ளியில் ஜும்ஆ உரை சைகைமொழியில் பெயர்த்துரைக்கப்படுகிறது. செவித்திறன் குறைந்தோருக்கெனத் தனி இடமும் உண்டு.

நம் மஹல்லாக்களில் என்ன செய்யலாம்? பயானின் சுருக்கத்தை முன்கூட்டியே தட்டச்சு செய்து கைப்பேசிக்கு அனுப்பலாம். அல்லது ஒரு தாளில் அச்சிட்டுத் தரலாம். வசதியுள்ள பள்ளிவாசல்களில் திரையில் காட்டலாம். செவித்திறன் குறைந்தவர் இமாமின் முகம் பார்க்கும் இடத்தில் அமர வழிவிடலாம். காதுக்கருவி அணிந்தவர்களுக்கெனத் தரையில் கம்பிவளையம் பதிக்கும் முறை ஒன்றுண்டு. ஒலிபெருக்கியின் ஒலியைக் காந்தப்புலமாக மாற்றி, அதற்கேற்ற கம்பிச்சுருள் உள்ள காதுக்கருவிக்கு நேரே சேர்க்கும் முறை அது. இரைச்சலோ எதிரொலியோ குறுக்கிடாது. புதிய பள்ளிவாசல் கட்டும்போது இதனையும் நிர்வாகிகள் எண்ணிப் பார்க்கலாம். குத்பா நடக்கும்போது கைப்பேசித் திரையில் எழுத்துரை பார்ப்பது கூடுமா என்னும் ஐயம் எழலாம். அதனை உலமாப் பெருமக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை.

பிள்ளைகளின் எதிர்காலம்

இதுவரை சொன்னவை பெரும்பாலும் மொழி கற்றபின் கேள்வி குறைந்தோருக்குப் பொருந்தும். பிறவியிலேயே செவித்திறனற்ற குழந்தையின் நிலை வேறு. அதற்கு மொழியே இனிமேல்தான் வர வேண்டும். எழுத்துரை ஓடினாலும் படிக்கத் தெரிந்தால்தானே பயன்? எனவே பிறந்த சில வாரங்களிலேயே கேள்விச் சோதனை செய்வதும், குறை தெரிந்தால் உடனே பயிற்சி தொடங்குவதும் கட்டாயமாகும். ‘இன்னும் கொஞ்சம் வளரட்டும்’ என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் இழப்பே.

இவ்வகையில் சென்னைவாசிகள் பேறு பெற்றவர்கள். நந்தனத்திலிருந்து சிறு தொலைவிலேயே பழம்பெரும் பள்ளிகள் பல அமைந்துள்ளன. ஜெமினி மேம்பாலத்தருகே 1926இல் தோன்றிய லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பள்ளி பார்வையற்றோருக்கும் செவித்திறனற்றோருக்கும் கல்வி புகட்டுகிறது. மயிலாப்பூரில் சி.எஸ்.ஐ. பள்ளியும் கிளார்க் பள்ளியும் உள்ளன. அடையாற்றில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா, மழலைப் பருவத்திலேயே பேச்சுப் பயிற்சி தந்து பொதுப்பள்ளியில் சேரத் தகுதியாக்குகிறது. கடற்கரைச் சாலையில் உள்ள மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே வணிகவியல், கணிப்பொறிப் பயன்பாட்டியல் ஆகிய பட்டப்படிப்புகள் 2007இல் தொடங்கப்பட்டன. கணிப்பொறியைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், அதனை ஆளவும் அவர்களால் இயலும் என்பதற்கு இதுவே சாட்சி.

சைகைமொழியில் உரையாடுவோருக்குக் கைப்பேசியின் காணொளி அழைப்பே உண்மையான தொலைபேசியாகும். முகத்தில் வெளிச்சம் விழுமாறும், இரு கைகளும் திரைக்குள் தெரியுமாறும் அமர்ந்தால் போதும். மத்திய அரசு 2015இல் இந்தியச் சைகைமொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தைப் புதுதில்லியில் நிறுவியது. 2018இல் அம்மையம் 3,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. பின்னர் அது பன்மடங்கு விரிந்தது. பெற்றோரும் உடன்பிறந்தோரும் அவற்றைப் பார்த்துச் சைகைமொழி கற்கலாம். வீட்டார் கற்காத மொழியில் பிள்ளை யாரிடம் பேசும்?

சட்டமும் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 70 டெசிபல் அளவு கேள்வி இழந்தவரைச் செவித்திறனற்றவர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தவரைக் கேள்வி குறைந்தவர் என்றும் வரையறுக்கிறது. மின்னூடகங்களில் சைகைமொழிபெயர்ப்பும் எழுத்துரையும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்றும் கூறுகிறது. தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை காதுக்கருவிகளை விலையின்றி வழங்குகிறது. சிறு குழந்தைகளுக்குச் செவிநத்தைச்சுருள் பொருத்தும் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகி அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது முதற்படி. நம் சமுதாயத்தில் பலர், குறிப்பாகப் பெண்பிள்ளையைப் பெற்றோர், ‘திருமணத்திற்குத் தடையாகும்’ என்றஞ்சிக் குறையை மறைத்து இவ்வுரிமைகளை இழந்துவிடுகின்றனர். மறைப்பதால் குறை நீங்குவதில்லை. கல்வியும் வேலைவாய்ப்புமே நீங்கிப்போகின்றன.

யார் திறப்பது?

கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இவ்வசதிகள் யாவும் அமைப்புப் பகுதியின் ஆழத்தில், ஆங்கிலப் பெயர்களின் பின்னே ஒளிந்திருக்கின்றன. 70 வயதுப் பெரியவர் தாமே தேடிக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. தமக்குக் கேள்வி குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளவே அவருக்கு நாணம். எனவே திறப்பது கேட்கும் காதுடையவரின் கடமையாகும்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள மகனோ மகளோ பேரனோ பேத்தியோ பெரியவரின் அருகில் அமர்ந்து, மேற்சொன்ன வசதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டட்டும். எழுத்தின் அளவை அவரையே தெரிவு செய்யச் சொல்லுங்கள். அவர் விரும்பாததைத் திணிக்க வேண்டா. ஒரே நாளில் எல்லாவற்றையும் கற்பிக்கவும் வேண்டா; கைப்பேசி மின்னுவதையும் தமிழ் எழுத்து ஓடுவதையும் பழகினாலே முதல் மாதத்திற்குப் போதும்.

பேசும் முறையிலும் சில ஒழுங்குகள் தேவை. அவர் முகத்துக்கு நேரே, வெளிச்சத்தில் நின்று பேசுங்கள். ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் பேசுங்கள். கத்தாமல், சற்று நிதானமாகச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லிப் பாருங்கள். இவை எந்த இயந்திரமும் செய்யவியலாத உதவிகள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ‘ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்’ என்னும் சொல்லை நம் இல்லங்களிலிருந்து அகற்றிவிடுவோம். பெற்றோரிடம் ‘சீ’ என்றுகூடச் சொல்லலாகாது என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். அவர்கள் கேட்டதற்கு விடை தராமல் விடுவதும் அவர்களைப் புண்படுத்தவே செய்யும். நமக்கு மொழி தெரியாத பருவத்தில், ஒரே சொல்லை நூறு முறை சலிக்காமல் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

செவி தந்த வல்ல நாயன், அதன் நன்றியைச் செவி தளர்ந்தோருக்குச் செய்யும் பணியால் செலுத்தும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.